மாசசூசெட்ஸ் 54ஆம் தொண்டர் காலாட்படை

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வடமாகாணங்களின் பக்ஷத்தில் போரிட்ட இப்படைப்பிரிவு, 1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் ஆண்ட்ரூவின் முயற்சியால் திரட்டப்பட்டது. சிப்பாய்கள் கறுப்பினத்தவர், தளபதி ராபர்ட் கூல்ட் ஷாவோ வெள்ளையர். அடிமைத்தளையினின்று தப்பிவந்து பிரசித்திபெற்ற பேச்சாளராக விளங்கிய ஃபிரடெரிக் டக்ளஸ், பிறரைச் சேரத் தூண்டியதோடு நில்லாமல், தம் புதல்வர் இருவரையும் இதில் சேர்ப்பித்தார்.

அவ்வாண்டு ஜூலை 18ஆம் தேதி அந்திவேளையில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை அண்டிய வாக்னர் கோட்டையை, ஒருபுறம் கடலும் மறுபுறம் சதுப்பும் நெருக்கிய குறுகிய மணற்பரப்பின் வழியே, சுமார் 600 பேர் முன்னணியில் நின்று தாக்கினர். மதிலுச்சியை எட்டிய ஷா அங்கேயே மாண்டார். இறந்தோரும் காயமுற்றோரும் சிறைப்பட்டோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 270 பேரை இழந்தும் கோட்டை வசப்படவில்லை. பல காயங்களுற்றும் கொடியை மீட்டுவந்த வில்லியம் கார்னிக்கு நாட்டின் அதியுன்னத வீரப்பதக்கம் 1900இல்தான் வழங்கப்பட்டது. அத்தனை நெடிய தாமதத்துக்கு நியாயம் ஏதுமில்லை.

இவர்களுடைய தீரம் களத்தோடு முடிந்ததன்று. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் அளித்த அரசாங்கம், இவர்களுக்கு 10 டாலரே நிர்ணயித்து, அதிலும் உடைக்கென 3 டாலரைப் பிடித்தம் செய்ய முற்பட்டபோது, குடும்பங்கள் வறுமையில் வாடியபோதிலும், 1864இல் காங்கிரஸ் சம ஊதியத்துக்குச் சட்டம் இயற்றும்வரை சம்பளத்தையே ஏற்க மறுத்தனர். குறைந்த தொகையைத் தானே ஈடுசெய்வதாக மாசசூசெட்ஸ் மாகாணம் முன்வந்தபோதும் இசையவில்லை.