எந்த ஊரு தம்பி? - ஒரு இண்டர்வியூ கேள்வியின் கதை

இண்டர்வியூன்னு போனா முதல்ல வந்து விழுறது "உங்களைப் பத்தி சொல்லுங்க". அடுத்தது "எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு?". ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பசங்க பல பேர் இந்த இடத்துல "விருதுநகர் டிஸ்ட்ரிக்ட் சார், அப்பா மில் வொர்க்கர்"னு குரலை இறக்கிச் சொல்லி முடிச்சுக்குவாங்க. அந்தத் தயக்கத்துக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு மக்களே.

சிபாரிசுல வேலை குடுக்காம தேர்வு வச்சு எடுக்கணும்னு 1929லயே மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் வந்துடுச்சு. மாகாண அளவுல இந்தியாவுக்கே அதுதான் முதல். இன்னைக்கு டி.என்.பி.எஸ்.சி.ன்னு சொல்றோமே, அதோட தாத்தா. ஆனா எழுத்துத் தேர்வுல வாங்குன மார்க்கை நேர்முகத் தேர்வுல கவுத்துவிடுற சங்கதி மட்டும் ரொம்ப நாள் ஓயல.

மருத்துவக் கல்லூரி சேர்க்கைக்கே தமிழ்நாட்டுல அப்போ இண்டர்வியூ உண்டு. அதுக்கு மட்டும் 75 மார்க். 1970ல பெரியகருப்பன்ங்கிற மாணவர் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அடுத்து ஸ்ரீநகர் இன்ஜினியரிங் காலேஜ் வழக்கு. அஜய் ஹாசியா வழக்குன்னு சட்டம் படிச்சவங்களுக்குத் தெரியும். 150 மார்க்குல 50 இண்டர்வியூவுக்கு. ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான், அதுலயும் கேட்டது அப்பா யாரு, வீடு எங்கன்னு மட்டும்தான்னு மாணவர்கள் சொன்னாங்க. 15 சதவீதத்துக்கு மேல இண்டர்வியூவுக்கு ஒதுக்குறது நியாயமில்லன்னு 1980 நவம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. 1985ல ஹரியானா அரசு வேலை வழக்குல (அசோக் குமார் யாதவ்) பொதுப்பிரிவுக்கு அது 12.2 சதவீதமா குறைஞ்சுது. 2016 ஜனவரி 1லேர்ந்து மத்திய அரசோட கீழ்நிலைப் பதவிகளுக்கு இண்டர்வியூவே கிடையாது.

ஆக, "எந்த ஊரு, யாரு மகன்"ங்கிறது ஒரு காலத்துல ஆளை வடிகட்டுன கேள்வி. கோர்ட் அதோட பல்லைப் புடுங்கிடுச்சு, ஆனா கேள்வி போகல. தனியார் கம்பெனிகளுக்கு இந்த மார்க் வரம்பெல்லாம் கிடையவும் கிடையாது. அதனால தயாராத்தான் போகணும்.

என்னைக் கேட்டா, இண்டர்வியூவுலயே எதிர்ல இருக்கிறவரை விட நமக்கு அதிகம் தெரிஞ்ச ஒரே கேள்வி இதுதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில இருக்கிற இந்த ரெண்டு ஊருக்கும் சரக்கா இல்ல?

அரசு வேலைன்னா, தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கிற கோபுரத்துலேர்ந்து ஆரம்பிங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம், 11 நிலை. அது மதுரைக் கோபுரம்னு வாதாடுறவங்களும் உண்டு. குறுக்குக் கேள்வி அங்கதான் வரும், அதையும் படிச்சுட்டுப் போங்க. 1949லேர்ந்து 1952 வரை சென்னை மாகாண முதல்வரா இருந்த குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர்.

காமர்ஸ் படிச்சவங்க பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936ல ஆரம்பிச்ச ராஜபாளையம் மில்ஸ் பத்திப் பேசலாம். இல்லைன்னா 2019ல புவிசார் குறியீடு வாங்குன பால்கோவா. விலங்கியல்னா 2005ல தபால்தலையில ஏறுன ராஜபாளையம் நாய், 2021ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம்.

எல்லாத்தையும் ஒப்பிச்சா பஸ் ஸ்டாண்டு கைடு மாதிரி ஆயிடும் :-) உங்க படிப்போட ஒட்டுற ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு, ஒன்றரை நிமிஷத்துக்குள்ள சொல்லிப் பழகுங்க.

அப்புறம் அந்த அப்பா கேள்வி. "மில் வொர்க்கர்"னு நிறுத்தாதீங்க. எந்த செக்‌ஷன், எத்தனை கவுண்ட் நூல் ஓடுது, அந்த நூல் எங்க போகுதுன்னு சேர்த்துச் சொல்லுங்க. சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யுற வீடுன்னா அதையே சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தேவைப்படுற துணியாச்சே! இதெல்லாம் தெரியாதுன்னா, இண்டர்வியூவுக்கு முந்தின நாள் ராத்திரி அப்பாகிட்டயே உக்காந்து கேளுங்க. எந்த கைடுலயும் கிடைக்காத பதில் அது.

வேற ஊர்க்காரங்களும் உங்க ஊருக்கு இப்படி நாலு விஷயம் எழுதி வைங்க. நம்ம தம்பி தங்கச்சிங்க யாருக்காவது கண்டிப்பா உதவும்.