பத்தொன்பது கேள்விகள் ஆறான கதை

பெண்களின் பாலியல் நலத்தை மார்க் போட்டு அளக்க முடியுமா? முடியும்னு 2000-இல் ரேமண்ட் ரோசன் குழு 19 கேள்விகளோடு ஒரு படிவம் வெளியிட்டது. ஆண்களுக்கான படிவம் 1997-லேயே வந்தாச்சு. அதுவும் இவர் குழு செய்ததுதான்.

ஆசை, கிளர்ச்சி, ஈரப்பதம், உச்சம், திருப்தி, வலி என ஆறு பிரிவுகள். 2010-இல் இத்தாலியின் இசிதோரி குழு, பிரிவுக்கு ஒரு கேள்வி என்று ஆறாகச் சுருக்கியது. மொத்தம் 30, 19 அல்லது அதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் இது பெரிய வசதி, மறுக்கலை.

ஆனா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். கேள்விகள் கடந்த நான்கு வாரங்களைப் பற்றியவை. கணவர் வெளியூரில் இருக்கும் ஒரு பெண், 'உறவே இல்லை' என்று பதில் சொன்னால் நான்கு பிரிவுகளில் பூஜ்யம். ஆசையிலும் திருப்தியிலும் முழு மார்க் வாங்கினாலும் மொத்தம் 10தான். நலமா இருக்கிறவங்க பேரு கோளாறு பட்டியல்ல ஏறிடும்!

நீளப் படிவத்திலும் இதே பூஜ்யம் உண்டு. சுருக்கியபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. 'இது உங்களுக்கு வருத்தமா இருக்கா?' என்ற கேள்வி இரண்டிலுமே இல்லை. மார்க்கைப் பார்க்கும் முன் டாக்டர் அதைக் கேட்டுடணும்.