மூன்று துறைமுகங்கள், ஒரு யுகமாற்றம்

உலக வரலாற்றை இடைக்காலம் என்றும் புதுக்காலம் என்றும் பகுத்துக் காட்டுவது அறிஞர் மரபு. ஆயினும் ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் பிறப்பதை ஒரே நாளில் எவரும் கண்டதில்லை. இரவு எந்த நொடியில் விடியலாகிறது என்று வரையறுக்க இயலாததைப் போன்றதே அது. எனினும் 1453ஆம் ஆண்டிற்கும் 1511ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் மூன்று துறைமுக நகரங்களில் நிகழ்ந்தவை உலகின் போக்கையே மாற்றி அமைத்தன. கான்ஸ்டாண்டிநோபிள், கள்ளிக்கோட்டை, மலாக்கா என்பனவே அம்மூன்று நகரங்கள். அவற்றுள் மூன்றாவதில் தமிழ் வணிகரின் வாழ்வும் தாழ்வும் கலந்திருந்தன.

மதில் வீழ்ந்த நகரம்

ஐரோப்பாவும் ஆசியாவும் சந்திக்கும் நீரிணையின் கரையில் அமைந்தது கான்ஸ்டாண்டிநோபிள். ஐந்தாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அதன் நிலப்புற மதில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அந்நகரைக் காத்து நின்றது. ஆனால் அந்நகரின் வலிமை அதற்கு முன்பே குன்றத் தொடங்கிவிட்டது. 1204ஆம் ஆண்டில் நான்காம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்துவப் படையினரே அக்கிறிஸ்துவ நகரைச் சூறையாடினர். அந்தக் காயம் முழுமையாக ஆறவேயில்லை.

1453ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 21 வயதே நிரம்பிய துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெட் நகரை முற்றுகையிட்டார். ஊர்பான் என்னும் பீரங்கி வார்ப்பாளர் முதலில் பேரரசர் பதினொன்றாம் கான்ஸ்டன்டைனிடம் பணிபுரிய முன்வந்தார். அவருக்கு ஊதியம் வழங்கப் பேரரசின் கருவூலத்தில் பொருள் இல்லை. ஆகவே அவர் சுல்தானிடம் சென்று, மதிலைத் தகர்க்கும் பெரும் பீரங்கியை வார்த்துக் கொடுத்தார். துறைமுக வாயிலைப் பேரரசின் இரும்புச் சங்கிலி மறித்திருந்தது. சுல்தானோ கொழுப்புப் பூசிய மரக்கட்டைகளின்மேல் கப்பல்களை ஏற்றி, மேட்டு நிலத்தின் வழியாக இழுத்துச் சென்று மறுபுறம் நீரில் இறக்கினார். ஏறத்தாழ ஏழாயிரம் பேரே காத்து நின்ற அந்நகரம் 53 நாள் முற்றுகைக்குப் பின் மே 29ஆம் நாள் வீழ்ந்தது. பேரரசரும் போரில் மாண்டார்.

வெற்றியை அடுத்துக் கொள்ளையும் சிறைபிடிப்பும் நிகழ்ந்தன என்பது உண்மை. அதற்குப்பின் சுல்தான் செய்த செயலே கருதத்தக்கது. ஆளற்ற நகரம் தலைநகராகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். கிரேக்கர், ஆர்மீனியர், யூதர், துருக்கியர் எனப் பல இனத்தாரை அழைத்தும், சிலரைக் கட்டாயப்படுத்தியும் அங்குக் குடியேற்றினார். கிரேக்கத் திருச்சபைக்குப் புதிய தலைவரை அமர்த்தினார். 1492இல் ஸ்பெயின் நாடு யூதர்களை வெளியேற்றியபோது, அவர்களுள் பலருக்கு அடைக்கலம் அளித்தது அவருடைய மகன் இரண்டாம் பாயஸிட்டின் ஆட்சியே.

பருவக்காற்றும் பரங்கியரும்

இந்நகரம் வீழ்ந்ததால் நறுமணப் பொருள்களின் வழி அடைபட்டது என்றும், அதனாலேயே ஐரோப்பியர் கடல்வழி தேடினர் என்றும் பல பாடநூல்கள் கூறும். இக்கூற்று முழுமையானதன்று. போர்த்துக்கீசியர் 1415இலேயே வட ஆப்பிரிக்காவின் செயூத்தாவைக் கைப்பற்றிவிட்டனர். 1434இல் பொஜடோர் முனையைக் கடந்துவிட்டனர். மிளகும் கிராம்பும் 1453க்குப் பின்னரும் அலெக்சாந்திரியா வழியே வெனிஸ் நகருக்குச் சென்றுகொண்டே இருந்தன. அவ்வாணிகத்தின் ஆதாயத்தில் தாமும் பங்குபெற வேண்டும் என்னும் வேட்கையே போர்த்துக்கீசியரைத் தெற்கு நோக்கிச் செலுத்தியது.

1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட வாஸ்கோ ட காமா, ஆப்பிரிக்காவின் மாலிந்தித் துறைமுகத்தில் இந்துமாக்கடலை அறிந்த மாலுமி ஒருவரைத் துணைகொண்டார். பருவக்காற்றின் உதவியால் நான்கு வாரத்திற்குள் கடலைக் கடந்து, 1498 மே 20ஆம் நாள் கள்ளிக்கோட்டைக்கு அருகே கரைசேர்ந்தார். திரும்பும்போது பருவம் பார்க்காது புறப்பட்டமையால் அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. மாலுமிகள் பலர் நோயுற்று மாண்டனர். அக்கடலை நெடுங்காலமாக அறிந்தவர்களின் அறிவே ஐரோப்பியருக்கு வழிகாட்டியது என்பதை இது உணர்த்தும்.

கள்ளிக்கோட்டை எல்லா நாட்டு வணிகருக்கும் திறந்திருந்த துறைமுகம். அரபியரும் குஜராத்தியரும் செட்டிமாரும் அங்கு அருகருகே வாணிகம் புரிந்தனர். 1502இல் மீண்டும் வந்த காமா, முஸ்லிம் வணிகரை வெளியேற்றுமாறு சாமூத்திரி மன்னரை வற்புறுத்தினார். மன்னர் மறுத்தார். அதன் விளைவாகக் கப்பற்பீரங்கிகள் நகரைத் தாக்கின. அதன்பின் போர்த்துக்கீசியரின் அனுமதிச் சீட்டு இல்லாத கலங்கள் கடலில் பிடிக்கப்பட்டன. எவருக்கும் உரிமையாகாதிருந்த கடலுக்கு உரிமை கொண்டாடும் புதிய வழக்கம் இவ்வாறு தோன்றியது.

மலாக்காவின் பெருமை

இரு பருவக்காற்றுகளும் சந்திக்கும் இடத்தில் அமைந்திருந்தது மலாக்கா. மேற்கிலிருந்து துணியும், கிழக்கிலிருந்து கிராம்பும் ஜாதிக்காயும், சீனத்துப் பட்டும் பீங்கானும் அங்கு வந்து குவிந்தன. காற்றுத் திரும்பும்வரை வணிகர் தங்கியிருக்க வேண்டியிருந்தது. அவர்கள் அச்சமின்றித் தங்குவதற்கு ஏற்ற ஒழுங்குமுறையை மலாய் சுல்தான்கள் வகுத்திருந்தனர். பல நாட்டு வணிகரின் தேவைகளைக் கவனிக்க ஷாபண்டார் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையினர், வங்கத்தார், பெகு நாட்டார் ஆகியோருக்கு ஒருவர், சாவகம் முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலானோருக்கு ஒருவர். அந்நகரில் 84 மொழிகள் வழங்கின என்று எழுதி வைத்தார் போர்த்துக்கீசியரான தோமே பீரஸ்.

எனினும் நகரின் உள்ளே ஒற்றுமை குலைந்திருந்தது. தமிழ் முஸ்லிம் மரபுவழி வந்த முதலமைச்சரான பெண்டாஹாரா துன் முத்தாஹிர், 1510இல் சுல்தான் மாமூட் ஷாவின் ஆணையால் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஜூலையில் அல்போன்சோ டி அல்புகர்க் ஏறத்தாழ 18 கப்பல்களோடு வந்தார். முதல் தாக்குதலில் கைப்பற்றிய பாலத்தைவிட்டு அவர் பின்வாங்க நேர்ந்தது. ஆகஸ்ட் திங்களில் மீண்டும் தாக்கி நகரை வென்றார். பள்ளிவாசல்களையும் மன்னர்தம் கல்லறைகளையும் இடித்தெடுத்த கற்களைக் கொண்டு கோட்டை எழும்பியது.

நைனா செட்டுவின் முடிவு

அக்காலத்து மலாக்காவில் வாழ்ந்த இந்து வணிகர் ஒருவரைப் போர்த்துக்கீசியக் குறிப்புகள் நைனா செட்டு என்று குறிக்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகருள் முன்னணியில் நின்றவர் அவர். 1509இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு அவர் உதவினார். வெற்றிக்குப் பின் அவரைப் பெண்டாஹாரா பதவியில் அல்புகர்க் அமர்த்தினார். புதிய அரசோடு பங்கு சேர்ந்து அவர் வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குக் கலம் செலுத்தினார்.

அப்பேறு மூன்று ஆண்டுகளே நீடித்தது. மலாய் மக்களை மீண்டும் நகருக்கு ஈர்க்கக் கருதிய போர்த்துக்கீசியர், 1514இல் அப்பதவியைக் கம்பார் மன்னருக்கு வழங்கினர். தம் மதிப்புக் குலைந்ததைத் தாங்காத நைனா செட்டு தம் உயிரையே நீத்தார். ஆளவந்தவரின் கணக்கில் அவர் ஒரு கருவி. தேவை மாறியபோது கருவியும் மாற்றப்பட்டது. அவர் செய்த உதவியைப் போற்றுவாரும் உளர், இகழ்வாரும் உளர். எவ்வாறாயினும், பேரரசுகளின் மோதலுக்கு இடையே தம் குடியினரின் நலம் நாடி நிற்பவரின் நிலை எத்துணை இடர் மிக்கது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

வென்றவர் இழந்தது

போர்த்துக்கீசியர் மலாக்கா நகரை வென்றனர். அதன் வாணிகத்தை வெல்லவில்லை. முஸ்லிம் வணிகர் அச்சே, ஜொகூர், பாந்தாம் முதலிய துறைமுகங்களுக்குப் பெயர்ந்தனர். அச்சேயிலிருந்து புறப்பட்ட மிளகுக் கப்பல்கள் செங்கடலை அடைந்தன. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெனிஸ் நகரின் மிளகு வாணிகம் மீண்டும் தழைத்தது. ஜொகூர் மன்னரின் துணையோடு டச்சுக்காரர் 1641இல் மலாக்காவைக் கைப்பற்றியபோது, அதன் பழைய பொலிவு மங்கியிருந்தது. பாழடைந்த நகரைப் பல இனத்தாரால் நிரப்பிய மெஹ்மெட்டின் தலைநகரம் தழைத்தது. பல இனத்தாரால் நிரம்பியிருந்த நகரைத் தமக்கே உரியதாக்க முயன்ற போர்த்துக்கீசியரின் மலாக்கா தேய்ந்தது. மதிலைத் தகர்க்கும் பீரங்கியால் மட்டும் வரலாறு திரும்புவதில்லை; தகர்த்தவர் அதன்பின் யாருக்கு வாயிலைத் திறக்கிறார் என்பதாலேயே அது திரும்புகிறது.

ஆட்சிகள் மாறினும் மலாக்காவில் தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் வேரூன்றி நின்றனர். உள்ளூர்ப் பெண்களை மணந்து, மலாய் மொழியையே தம் மொழியாகக் கொண்டும், முன்னோரின் சமயத்தைக் கைவிடாத மலாக்காச் செட்டிகள் அவர்களே. 1781இல் அவர்கள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் அங்கு நிற்கிறது. அண்மையிலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசலும் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயிலும் உள்ளன. அல்புகர்க்கின் பெருங்கோட்டையில் எஞ்சியிருப்பது ஒரு வாயில் மட்டுமே. அக்கோட்டை எதை அடைக்க முயன்றதோ, அந்தப் பல இன வாழ்வு இவ்வழிபாட்டுத் தலங்கள் நிற்கும் வீதியில் இன்னும் தொடர்கிறது.