பேர் வெட்டின பாத்திரம்

சென்னையில ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பேர் கொடுத்தவர் எங்க சீமைக்காரர். கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார். 1929ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வந்தது அவரால். செட்டிநாட்டு ராஜா என்ற பட்டம் கிடைத்ததும் அதே வருஷம்தான். அந்த ஏரியாவில் குடியிருக்கிற என் தங்கச்சி மகள் போன வாரம் போன்ல, "மாமா, கொலுவுக்கு வர்றவங்களுக்குச் சமையலறைக்கு ஆகுற மாதிரி ஏதாவது குடுக்கணும். விலையும் கம்மியா இருக்கணும், என்ன வாங்கலாம்?"னு கேட்டாள். இந்த ஊர்க்காரனிடம் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டால் பழங்கதையும் சேர்ந்துதான் வரும்.

நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானைப் பரப்பி வைப்பார்கள். பித்தளை அண்டா, வெண்கல உருளி, செம்புக் குடம், மர அகப்பை, முறம், சல்லடை என்று வீடு நிறையும். ஒவ்வொன்றிலும் பல எண்ணிக்கை இருக்கும். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செய்தவர்கள் கொண்டு வந்த இனாமல் வாளியும் தூக்கும் அதில் சேரும். பாத்திரத்தில் உளியால் புள்ளி புள்ளியாகக் குடும்பத்தின் விலாச எழுத்தை வெட்டியிருப்பார்கள். பெண்ணுக்கு என்று வந்த சாமான் அவளுடையது.

குடியானவர் வீட்டில் இந்த அளவுக்கு ஏது? தாய்மாமன் ஒரு குடம், பெரியப்பா ஒரு தவலை, மற்றவர்கள் சொம்பும் தட்டும் கொடுப்பார்கள். ஆனால் பேர் வெட்டுகிற பழக்கம் எங்களிடமும் உண்டு. யார் கொடுத்தது என்று பாத்திரமே சொல்லும். நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் திருப்பிச் செய்ய வேண்டுமே! மொய் நோட்டு தொலைந்தாலும் இந்தக் கணக்கு தொலையாது.

பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கு இதில் ஒரு விஷயம் தெரிய நியாயமில்லை. அந்தப் பித்தளைக் குடம்தான் எங்கள் வீட்டு பேங்க். எங்களுடையது வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைப்புக்குக் காசு இல்லையென்றால் அம்மாவின் குடமும் அண்டாவும் அடகுக் கடைக்குப் போகும். தை மாசம் நெல் வீட்டுக்கு வந்தால் அதுவும் வீட்டுக்கு வரும். மழை பொய்த்த வருஷம் வராது. அப்படித் திரும்பாத பாத்திரத்தின் பேரை எங்கள் அம்மா செத்தவரின் பேரைச் சொல்வது மாதிரி மெதுவாகத்தான் சொல்லும்.

பெரிய வீடுகளுக்கும் அந்த நிலைமை வந்தது. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். அங்கே கிடந்த முதல் பெரும்பாலும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டுச் சாமான் கைமாறியது. இன்றைக்கும் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் யார் யார் விலாசமோ வெட்டின பாத்திரத்தை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் எவர்சில்வர் வந்தது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம். பெண்களின் இடுப்பு ஒடிகிற வேலை பாதியாகக் குறைந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடகுக் கடைக்காரர் எவர்சில்வரைக் கையால்கூடத் தொட மாட்டார். பாத்திரம் பாத்திரமாக மட்டும் ஆனது அப்போதுதான்.

1955ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கிற கிரைண்டரைச் செய்தார். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்த கைகளுக்கு அதுதான் விடுதலை. 2011 செப்டம்பரில் மிக்சி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் தெருவிலும் வந்து இறங்கியது. முன்பு தாய்மாமன் பேர் இருந்த இடத்தில் இப்போது முதலமைச்சர் படம் ஒட்டியிருந்தது. ஒரே வித்தியாசம், இதற்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் ஓட்டுதான் என்று எங்கள் ஊர்ப் பெருசுகள் சிரிக்கும்.

சரி, விலை கம்மியாக என்ன கொடுக்கலாம்? மருமகளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மானாமதுரை மண்சட்டி. 2023ல் புவிசார் குறியீடு வாங்கின மண் அது. மீன் குழம்புக்கும் புளிக்குழம்புக்கும் அதற்கு ஈடு இல்லை. கொடுக்கும்போதே, இரண்டு மூன்று நாள் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றிப் பழக்கிவிட்டு அடுப்பில் வைக்கச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் விரிசல் விடும், பழி உங்கள் மேல் விழும்.

பனை ஓலைக் கொட்டான். செட்டிநாட்டு விசேஷங்களில் பலகாரமும் பாக்கும் வைத்துக் கொடுத்தது இதில்தான். பின்னுகிறவர்கள் அற்றுப்போகிற நிலைமைக்கு வந்து, இப்போது மறுபடி பெண்கள் பின்னுகிறார்கள். பூண்டு, வெங்காயம் போட்டு வைத்தால் காற்றாடும், அழுகாது.

கொட்டாங்குச்சி அகப்பை, மர மத்து, பணியாரக் குழி குத்தி எடுக்கிற கம்பி எல்லாமே சின்னச் சாமான்கள்தான். ஆனால் தினமும் கை படுகிறவை. கொலு முடிந்து பரணுக்குப் போகிற பிளாஸ்டிக் டப்பாவைவிட இது மேல்.

கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால் ஒரு சின்னப் பித்தளைக் கரண்டி வாங்குங்கள். பாத்திரக் கடையிலேயே பேர் வெட்டித் தருவார்கள், இப்போது மிஷின் வைத்திருக்கிறார்கள். உங்கள் பேரை மட்டும் போடாதீர்கள். வாங்குகிற அம்மாவின் பேரையும் சேர்த்துப் போடுங்கள். பத்திரத்திலும் பட்டாவிலும் ஆம்பளைப் பேர்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பத்தாவின் பேர் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் ஒரு சொம்பின் கழுத்துதான்.