உயிரினப் பல்வகைமையும் உழைக்கும் மக்களும்: வட்டுக்கோட்டை தரும் பாடம்

வட்டுக்கோட்டைக்கு வழி எது என்று கேட்டால், துட்டுக்கு இரண்டு கொட்டைப்பாக்கு என்று நம்மவரிடையே ஒரு வழக்கு உண்டு. கேள்வி ஒன்றாகவும் விடை வேறொன்றாகவும் அமையும்போது இதனைச் சொல்வார்கள். உயிரினப் பல்வகைமை என்றால் என்ன என்று நம் வகுப்பறைகளிற் கேட்டாலும் ஏறக்குறைய இத்தகைய விடையே கிடைக்கிறது. சிங்கராஜ வனம் என்பார் ஒருவர்; யால என்பார் மற்றொருவர்; யானை, சிறுத்தை, கரடி என்று பட்டியல் நீளும். இவை பிழையான விடைகள் என்று கூறிவிட முடியாது. ஆயினும், பெருங்காடு எதுவும் இல்லாத வட்டுக்கோட்டையிற் பிறந்து வளரும் மாணவனுக்கு இவ்விடை ஒரு தவறான எண்ணத்தை ஊட்டிவிடுகிறது. உயிர்வளம் என்பது எங்கோ தொலைவில் வேலியிட்டுக் காக்கப்படும் பொருள். தன் ஊருக்கும் தன் பாட்டன் செய்த உழைப்புக்கும் அதனோடு தொடர்பில்லை என்று அவன் கருதிவிடுகிறான். இக்கருத்து எவ்வளவு குறையுடையது என்பதை வட்டுக்கோட்டையின் வரலாறே எடுத்துக்காட்டும்.

அறிவியலார் உயிரினப் பல்வகைமையை மூன்று படிகளில் வைத்து நோக்குவர். ஓர் இனத்துக்குள்ளேயே காணப்படும் வேறுபாடு முதலாவது. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் நெல்லே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. இனங்களுக்கிடையே உள்ள வேறுபாடு இரண்டாவது. பனை, அதில் கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவி, ஓலை மடிப்பில் ஒண்டும் பனை உழவாரன், பழம் தேடி இரவில் வரும் மரநாய், காகம் இட்ட எச்சத்தில் முளைத்துப் பனையைத் தழுவி எழும் ஆல் எனப் பலவினமும் கூடி வாழ்தலை இங்கே காணலாம். வாழிடங்களின் வேறுபாடு மூன்றாவது. வயல், குளம், பனங்கூடல், தரவை, கடலேரி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். 1992ஆம் ஆண்டு ரியோ நகரிற் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டு, 1994இல் இலங்கையும் ஏற்றுக்கொண்ட சர்வதேச உடன்படிக்கை, இப்பல்வகைமையைக் காத்தல், அழிவுறாதவாறு பயன்படுத்தல், மரபு வளங்களால் வரும் பயனை நேர்மையாகப் பகிர்தல் என்ற மூன்று குறிக்கோள்களை வகுத்தது. முதலாவதைப் பற்றி மேடைகளிற் பலரும் பேசுகின்றனர். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கத்தில் தோன்றி, கந்தரோடை வழியாக வந்து, வட்டுக்கோட்டைக்கு அணித்தாக அராலிப் பகுதியிற் கடலேரியைச் சேர்கிறது. மற்றபடி வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையே கதி. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கும் அம்மழைநீர், நிலத்தடியில் உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. இயற்கை இவ்வளவு சிக்கனமாக வழங்கிய நிலத்தில், மக்கள் குளங்களை வெட்டி மழையைத் தேக்கினர். கல்லை உடைத்துக் கிணறு தோண்டினர். துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்தனர். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றை வேலியாக நட்டு, அவற்றின் குழையை ஆட்டுக்கு உணவாகவும் மண்ணுக்குப் பசளையாகவும் ஆக்கினர். பனையோலையைக்கூடத் தோட்டத்தில் தாழ்த்து மண்ணை வளப்படுத்தினர். ஆகவே இங்கு நாம் காணும் உயிர்வளத்தின் பெரும்பகுதி, மனிதன் கைபடாத காட்டில் தானே விளைந்ததன்று; தலைமுறை தலைமுறையான உழைப்பின் விளைவாகும்.

அவ்வுழைப்பு யாருடையது என்பதையும் மறைத்தலாகாது. நிலவுடைமை பெரும்பாலும் ஒரு சாதியாரிடம் குவிந்திருந்தது. பனையின் உச்சியை அறிந்தவனும், எந்த வயலின் எந்த மூலையில் நீர் நிற்கும் என்பதை அறிந்தவனும் பெரும்பாலும் நிலமற்றோர். ஊர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைகூட மறுக்கப்பட்டோர். மண்ணைப் பற்றிய அறிவு ஒரு கையிலும் மண் மற்றொரு கையிலும் இருந்த இம்முரண்பாட்டை விலக்கிவிட்டு, பழைய யாழ்ப்பாணத்தை இயற்கையோடு இயைந்த பொற்காலமாகப் புனைவது வரலாறாகாது.

அந்நியர் ஆட்சி, உயிர்ப்பொருள்களைச் சந்தைச் சரக்காகக் காணும் பார்வையை மேலும் விரிவாக்கிற்று. யானை வாணிபம் யாழ்ப்பாண அரசர் காலத்திலேயே இருந்ததுதான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதனைத் தம் கைக்கொண்டனர். வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் குடாநாட்டின் வழியே கொண்டுவரப்பட்டு, கோல்கொண்டா முதலான நாடுகளின் வணிகருக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்ற பெயரே அதற்குச் சான்று. பனையின் வைரம் பாய்ந்த மரம் கடல் கடந்து சோழமண்டலக் கரைக்குச் சென்றது. ஒரு பனை வைரம் பாயப் பல பத்தாண்டுகள் வேண்டும். தறிக்க ஒரு முற்பகல் போதும். துணிக்குச் செஞ்சாயம் தரும் இம்பூறல் என்னும் சாயவேரைத் தோண்டும் கடமை குறித்த சாதியார் மேற் சுமத்தப்பட்டது. 1868இல் ஜெர்மனியில் செயற்கைச் சாயமான அலிசரின் ஆக்கப்பட்டதும், உலகெங்கும் வேர்ச்சாயங்களின் சந்தை சரிந்தது. ஒரு செடியை அரசு காப்பதும் கைவிடுவதும் அச்செடியின் இயல்பைப் பொறுத்ததன்று, வருமானத்தைப் பொறுத்ததே என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

இக்காலகட்டத்திலேதான் வட்டுக்கோட்டை கல்வி உலகிற் பெயர் பெற்றது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் இங்கே செமினறியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் தலைவர். கணிதமும் வானியலும் இயற்கை விஞ்ஞானமும் அங்கு கற்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. பின்னர் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்தில் எழுந்தது. அச்செமினறியின் மாணவருள் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான அவர், செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் திரட்டினார், பிரதிகளை ஒப்புநோக்கினார், 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். இன்னும் சில பத்தாண்டுகள் கழிந்திருப்பின் எத்தனை நூல்கள் எஞ்சியிருக்கும் என்று எண்ணும்போது உள்ளம் நடுங்குகிறது.

ஏட்டைக் காத்த அவ்வுணர்வு விதையின் பக்கம் ஏன் திரும்பவில்லை? படித்த வகுப்பினரின் கண்ணுக்கு ஏடு அறிவாகத் தோன்றியது. விதை வெறும் கூலமாகத் தோன்றியது. அந்த ஏடும் பனையோலைதான் என்பதையும், ஒரு நெல்வகையும் எத்தனையோ தலைமுறை உழவர் தேர்ந்தும் திருத்தியும் எழுதிய நூல் என்பதையும் நாம் மறந்தோம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அச்சேறிய நூல் நூலகத்தில் உறங்கினும் அழியாது. விதையோ குறித்த காலத்துக்குள் மீண்டும் மண்ணைக் காண வேண்டும். உழவன் அற்றுப்போனால் விதையும் அற்றுப்போகும்.

இருபதாம் நூற்றாண்டு இரு போக்குகளைக் கொணர்ந்தது. ஒருபுறம் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டில் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாயிற்று. 2015இல் அது தேசியப் பூங்காவாகவும் உயர்த்தப்பட்டது. பூநாரைகள் வந்திறங்கும் அந்நீர்ப்பரப்பு காக்கப்பட வேண்டியதே. ஆனால் எல்லைக்குள் இருப்பதைக் காப்பதென்றால், எல்லைக்கு வெளியே உள்ள வயலையும் வேலியையும் குளத்தையும் யார் காப்பது என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவில்லை.

மறுபுறம் புதிய வேளாண்மை வந்தது. துலா இருந்த இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் நின்றது. அது தோட்டக்காரனின் முதுகெலும்பைக் காத்தது என்பதை மறுப்பது மனிதாபிமானமாகாது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் வலிகாமத்துத் தோட்டங்களில் மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் செழித்தன. பல குடும்பங்கள் முதன்முதலாகக் கல்வீட்டைக் கண்டன. அதே தோட்டங்களில் இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் அளவின்றிச் சொரியப்பட்டன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் விலை வீழ்ந்தது. மண்ணிற் சொரிந்தது மட்டும் மண்ணிலேயே நின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்குரிய எல்லையை மீறியிருப்பதை 1980களிலேயே ஆய்வுகள் காட்டின. வயலில் வீரிய நெல்லினங்கள் பரவப் பரவ, பல பழைய வகைகள் முதியோர் நாவிற் பெயராக மட்டும் எஞ்சின.

வீரிய இனங்களை ஆக்கிய விஞ்ஞானிகளே பழைய வகைகளின் அருமையை அறிவர். 1970களில் ஆசிய வயல்களைப் புல்லுருக் குட்டை நோய் தாக்கியபோது, பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தம்மிடமிருந்த ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தனர். அந்நோயைத் தாங்கும் ஆற்றல், உத்தரப் பிரதேசத்திலிருந்து பெறப்பட்ட ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லின் ஒரே மாதிரியிற்றான் கிடைத்தது. 1976இல் வெளிவந்த ஐ.ஆர். 36 அவ்வாற்றலைப் பெற்றது. கோடிக்கணக்கானோரின் சோறு அதனால் காப்பாற்றப்பட்டது. களையென்று எவரோ பிடுங்கி எறிந்திருக்கக்கூடிய ஒரு புல் அது. பல்வகைமையைக் காப்பது பழமைப் பற்றன்று. நாளைய சோற்றுக்கான காப்பு என்பதற்கு இதுவே சான்று.

பின்னர் போர் வந்தது. காப்பரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன; எறிகணைகளால் தலையிழந்து நின்றவையும் பல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அது காலபோக நெல் இளம்பயிராய் நிற்கும் காலம். குழந்தையையும் முதியோரையும் கையிற் பிடித்தவர், விதைப் பெட்டியைத் தலையிற் சுமத்தல் இயலுமா? தைமாத அறுவடைக்கு வயலுக்கு உரியவர் ஊரில் இல்லை. அடுத்த ஆண்டு சித்திரையிலும் வைகாசியிலுமே பெரும்பாலோர் திரும்பத் தொடங்கினர். போரில் இறந்தோரின் பெயர்களைக்கூட முழுமையாக எண்ணாத நாட்டில், அழிந்த விதைகளை எவர் எண்ணுவார்? மொட்டைக்கறுப்பன் இன்றும் நம் வயல்களில் விளைகிறது. ஒரு விதை பல ஊர்களில், பல கைகளில் பரவியிருப்பதே அதற்குச் சிறந்த அரண் என்பதை நாம் உணர வேண்டும்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று மற்றுமொரு பாடத்தைப் புகட்டியது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மண்ணைக் காப்பதாகச் சொல்லப்பட்டது. உழவனைக் கேட்கவில்லை, மாற்றுப் பசளை ஆயத்தமாகவில்லை, படிப்படியான திட்டமும் இல்லை. நவம்பர் மாதத்தில் தடை கைவிடப்பட்டது. ஆயினும் அப்போக விளைச்சல் நாடெங்கும் கடுமையாக வீழ்ந்தது. இழப்பு உழவன் தலையில் விழுந்தது. இயற்கையின் பெயராலும் மக்களை வஞ்சிக்கலாம் என்பதை அது காட்டிற்று.

ஆகவே நாம் வேண்டுவது யாது? கண்ணொறுவையிலுள்ள தாவர மரபு வள நிலையம் போன்ற விதை வங்கிகள் இன்றியமையாதவை. ஆனால் அவை நூலகம் போன்றவை. வயலில் விதைக்கும் உழவனுக்கு ஈடாகா. பழைய வகையைப் பயிரிடுபவனுக்குக் கட்டுப்படியாகும் விலை உறுதிசெய்யப்பட வேண்டும். உழுபவனுக்கு நிலத்தில் உரிமை வேண்டும்; நாளைக்கு இறக்கிவிடப்படுபவன் மண்ணுக்கு எதற்காகக் குழை தாழ்ப்பான்? குளங்களைத் தூர்த்து மனையாக்குவதும், உயிர்வேலியை அழித்துச் சீமெந்து மதில் எழுப்புவதும் தனியார் விருப்பம் என்று விட்டுவிடத்தக்கவையல்ல. அவற்றால் வற்றுவது எல்லோருடைய கிணறுமாகும்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் ஒரு பணி உண்டு. தத்தம் ஊரின் நெல்வகைகளையும், வேலி மரங்களையும், குளங்களையும், அவற்றை அறிந்த முதியோரின் சொற்களையும் எழுத்திற் பதிவுசெய்தல் பெருஞ்செலவு வேண்டாத வேலை. அம்முதியோரில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடத்தின் வாயிலையே காணவிடப்படாதவர்கள். அவர்களிடம் மாணவராய்ச் சென்று கேட்கும் பணிவு நமக்கு வர வேண்டும். ஏடு தேடி ஊரூராக அலைந்த ஒருவரை வட்டுக்கோட்டை நமக்குத் தந்தது. விதை தேடிப் புறப்படும் பலரை இனி அது தரட்டும்.