லிபரேட்டர் விமான மீட்பு

இரண்டாம் உலகப் போரின்போது காரைக்குடிக்கு அருகே செட்டிநாட்டில் அமைத்த ஓடுபாதை இன்றும் கிடக்கிறது. அதில் இறங்கிய போர்க்கால விமானங்கள் இல்லை. அக்காலத்து விமானங்களைக் காப்பாற்றிய இந்தியக் கதை நடந்த இடம் கான்பூர்.

பி-24 லிபரேட்டர் நான்கு என்ஜின்கள் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை இந்தியாவில் தன்னிடமிருந்தவற்றில் பலவற்றைக் கான்பூரில் குவித்தது. கடன்-குத்தகை ஒப்பந்தப்படி அவற்றைப் பிறருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே உடலைத் துளைத்து, என்ஜின்களில் மணலைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

1948இல் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத் தொழிலாளர்கள் அந்தக் குப்பையில் இறங்கினார்கள். ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்தார்கள். அரைகுறையாகத் தேறிய அந்த விமானங்களைப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றவர் தலைமைச் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி. அந்தத் துணிச்சலுக்கு உரிய புகழ் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. பெங்களூரில் முழுமையாகப் புதுப்பித்தவை 40 வரை இருக்கும். அந்த ஆண்டு நவம்பரிலேயே இந்திய விமானப்படையின் 5ஆம் படைப்பிரிவு அவற்றோடு உருவானது.

1968 வரை அவை பணியில் இருந்தன. பிற நாடுகள் தம் லிபரேட்டர்களை உருக்கிவிட்ட பிறகும் இங்கே அவை பறந்துகொண்டிருந்ததால், உலக அருங்காட்சியகங்கள் இந்தியாவை நாடின. டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு 1974இல் ஒன்று பறந்தே சென்றது. அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கிய மற்றொன்று, பல்லாண்டுச் சீரமைப்புக்குப் பின் 1989இல் மீண்டும் வானேறியது.