கோல்ஃப் பந்து ஏன் வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது? கோளாறு டிரைவரிலா, ஸ்விங்கிலா? - முழு விளக்கம்

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக். அதுவரை கோல்ஃப் பக்கமே திரும்பாத பலரும் அன்று காலையில் டிவி முன் உட்கார்ந்துவிட்டார்கள். காரணம், பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக். கடைசியில் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் பதக்கம் கைநழுவி, 4-வது இடம்தான் கிடைத்தது.

அன்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கலாம். முதல் ஷாட்டின் தூரத்தில் அதிதி மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார். குழிக்குப் பக்கத்தில் பந்தைத் தட்டிவிடுவதில் அவருக்கு இருந்த கெட்டிக்காரத்தனம்தான் அவரைப் பதக்கம்வரை இழுத்துச் சென்றது. எல்லாருக்கும் அந்தத் திறமை வாய்ப்பதில்லையே! அதனால்தான் கோல்ஃப் ஆடுபவர்களின் பெரிய கவலை எப்போதும் முதல் ஷாட் மேலேயே இருக்கிறது.

அந்த ஷாட் வளைந்து புதருக்குள் போனால், பெரும்பாலானோர் முதலில் குறை சொல்வது மட்டையைத்தான். புது மட்டை ஒன்றின் விலையோ அரை லட்சத்தைத் தொடும். உண்மையில் பந்தின் பாதையை முடிவு செய்வது எது? பார்ப்போம்.

(கீழே சொல்வதெல்லாம் வலது கை ஆட்டக்காரர்களுக்கு. இடது கை என்றால் திசையை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.)

டிரைவர் என்றால் என்ன?

ஒரு கோல்ஃபர் தன் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அதில் நீளமானது, தலை பெரியது டிரைவர். டீ எனப்படும் சின்னக் குச்சியின் மேல் பந்தை வைத்து, முதல் ஷாட்டை அடிக்கப் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பார்கள்.

தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டர்வரை இருக்கலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம்தான் சிறியது. பந்தோ டேபிள் டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது.

அரை மில்லி செகண்டில் நடக்கும் 5 விஷயங்கள்

மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? சுமார் அரை மில்லி செகண்ட். அதாவது, ஒரு செகண்டில் 2,000-ல் ஒரு பங்கு. அதற்குப் பிறகு நீங்கள் உடம்பை வளைத்தாலும், கையை ஆட்டினாலும் பந்துக்கு ஒன்றும் தெரியாது. அந்த நொடித்துளியில் பந்துக்குத் தெரிவது இந்த 5 விஷயங்கள்தான்:

1. மட்டை எவ்வளவு வேகத்தில் வந்தது
2. மட்டையின் முகம், அதாவது ஃபேஸ், எந்தப் பக்கம் பார்த்தது
3. மட்டை எந்தப் பாதையில் வந்தது
4. மேல்நோக்கி வந்ததா, கீழ்நோக்கி வந்ததா
5. ஃபேஸில் எந்த இடத்தில் பட்டது

ஸ்விங் நுணுக்கமாக இருக்கட்டும், விலை உயர்ந்த மட்டையாக இருக்கட்டும், எல்லாமே இந்த ஐந்தின் வழியாகத்தான் பந்துக்குப் போய்ச் சேரும். அப்புறம் காற்று தன் வேலையைக் காட்டும், அவ்வளவுதான்.

ஃபேஸா, பாதையா: ரேடார் சொன்ன உண்மை

நீண்ட காலமாகப் பல பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுத்தது இதுதான்: 'மட்டை வரும் பாதையில் பந்து கிளம்பும். பிறகு ஃபேஸ் பார்க்கும் பக்கமாக வளையும்.' கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 2000-களில் டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் மைதானத்துக்கு வந்தபோது அந்தப் பாடத்தில் பாதி தப்பு என்பது தெளிவானது.

டிரைவரைப் பொறுத்தவரை பந்து கிளம்பும் திசையில் 80 சதவீதத்துக்கும் மேல் ஃபேஸின் கையில்தான் இருக்கிறது. பாதையின் பங்கு மிச்சம் மட்டுமே.

அப்போ வளைவு எங்கிருந்து வருகிறது? ஃபேஸுக்கும் பாதைக்கும் இடையே உள்ள வித்தியாசத்திலிருந்து. பாதையைவிட ஃபேஸ் வலப்பக்கம் பார்த்தால் பந்தின் சுழற்சி வலப்பக்கம் சாயும். பந்தும் அந்தப் பக்கம் வளையும். பெரிதாக வளைந்தால் ஸ்லைஸ், லேசாக வளைந்தால் ஃபேடு. இடப்பக்கம் பெரிதாக வளைந்தால் ஹூக், லேசாக வளைந்தால் டிரா.

1997-ல் பிரான்ஸுக்கு எதிராக ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக் நினைவிருக்கிறதா? தடுப்பைச் சுற்றிக்கொண்டு வலைக்குள் போன அந்தக் கால்பந்தை வளைத்ததும் இதே சுழற்சிதான்.

எவ்வளவு சின்னத் தப்பு எவ்வளவு பெரிதாகும்? பந்து வளையாமல் நேராகப் போனாலும்கூட, கிளம்பும் திசை 1 டிகிரி மாறினால் 200 மீட்டர் தாண்டும்போது சுமார் 3.5 மீட்டர் விலகியிருக்கும். 5 டிகிரி என்றால் 17 மீட்டர். வளைவும் சேர்ந்தால் பந்தைப் பக்கத்து ஃபேர்வேயில்தான் தேடவேண்டும்.

இடப்பக்கம் குறிவைத்தால் சரியாகிவிடுமா?

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பந்து வலப்பக்கம் ஓடுகிறதா? அப்போ இடப்பக்கம் திரும்பி நின்று அடிப்போம் என்று தோன்றும். அப்படி நின்றால் மட்டையின் பாதையும் இடப்பக்கம் திரும்பிவிடும். ஆனால் பந்து இலக்குக்குப் போகவேண்டும் என்ற நினைப்பில் கை ஃபேஸை இலக்கு பக்கமே வைத்திருக்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் இன்னும் அதிகமாகும். வளைவும் அதிகமாகும்.

வளைவு அதிகமாக, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்புவார்கள். அது இன்னும் வளையும். ஸ்லைஸ் பல வருஷம் கூடவே வருவதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கியக் காரணம்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். முதலில் மட்டையைப் பிடிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளையும் பிடியில் லேசாக வலப்பக்கம் திருப்பி வைத்தால், அடிக்கும் நேரத்தில் ஃபேஸ் மூடிக்கொண்டு வர வசதியாக இருக்கும். அதன் பிறகுதான் பாதையைச் சரிசெய்வது.

எங்கே பட்டது என்பதும் முக்கியம்

ஃபேஸும் பாதையும் சரியாக இருந்தும் பந்து வளைகிறதா? பட்ட இடத்தைப் பாருங்கள்.

டிரைவர் தலையின் எடை மையம் ஃபேஸுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. அதனால் பந்து நடுவில் படாவிட்டால் தலை லேசாகத் திரும்பும். ஒன்றோடொன்று பொருந்திய இரண்டு பற்சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றுவது மாதிரி, தலை ஒரு பக்கம் திரும்ப, பந்து மறுபக்கம் சுழலும். இதற்குப் பெயர் கியர் எஃபெக்ட்.

மட்டையின் நுனிப் பக்கம் பட்டால் பந்து இடப்பக்கம் வளையப் பார்க்கும். தண்டு சேரும் பக்கம் பட்டால் வலப்பக்கம் வளையப் பார்க்கும். டிரைவரின் ஃபேஸ் தட்டையாக இல்லாமல் லேசாகப் புடைத்திருப்பது இதற்காகத்தான். நுனியில் பட்ட பந்து கொஞ்சம் வலப்பக்கம் கிளம்பி, வளைந்து நடுவுக்குத் திரும்பட்டும் என்ற கணக்கு.

மேல், கீழ் விஷயத்திலும் இது உண்டு. ஃபேஸின் மேல் பாதியில் பட்டால் பந்து உயரமாகக் கிளம்பி, குறைவாகச் சுழலும். கீழே பட்டால் தாழ்வாகக் கிளம்பி, அதிகமாகச் சுழலும்.

சுழற்சி நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். பந்து பின்பக்கமாகச் சுழல்வதைப் பேக்ஸ்பின் என்கிறோம். இந்தச் சுழற்சிதான் பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது. 1890-களிலேயே ஸ்காட்லாந்து இயற்பியலாளர் பீட்டர் குத்ரி டெய்ட் இதை விளக்கினார். பந்தின் மேலுள்ள சின்னக் குழிகளும் சும்மா அழகுக்கு அல்ல. பந்துக்குப் பின்னால் உருவாகும் காற்று இழுவையை அவை குறைக்கின்றன. வழவழப்பான பந்து இதில் பாதி தூரம்தான் போகும்.

பேக்ஸ்பின் ரொம்பக் குறைந்தால் பந்து தொப்பென்று விழும். ரொம்பக் கூடினால் பலூன் மாதிரி மேலே ஏறி, முன்னால் போகாது. அமெரிக்காவின் பிஜிஏ டூர் வீரர்களின் டிரைவர் ஷாட்டில் சராசரியாக நிமிஷத்துக்கு 2,500 முதல் 2,700 சுழற்சிகள் இருக்கும்.

இதைக் கட்டுப்படுத்த ஒரு வழி, மட்டை மேல்நோக்கி ஏறும்போது பந்தைச் சந்திப்பது. பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து, டீயைக் கொஞ்சம் உயர்த்தினால் இது எளிது. இதில் பெண்கள்தான் முன்னுதாரணம். டிராக்மேன் சராசரிப்படி ஆண்கள் டூரில் மட்டை வேகம் மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர். எல்பிஜிஏ டூர் வீராங்கனைகளுக்கு சுமார் 150 கிலோமீட்டர். ஆண்கள் சராசரியாக லேசாகக் கீழ்நோக்கி அடிக்கிறார்கள். பெண்கள் சுமார் 3 டிகிரி மேல்நோக்கி அடித்து, தங்கள் வேகத்திலிருந்து எடுக்கக்கூடிய தூரத்தை எடுத்துவிடுகிறார்கள்.

சரி, மட்டையால் என்ன செய்ய முடியும்?

லாஃப்ட்: ஃபேஸ் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். 2020 யுஎஸ் ஓபன் வென்ற பிரைசன் டிஷாம்போ அந்தக் காலகட்டத்தில் 5.5 டிகிரி டிரைவர் பயன்படுத்தினார். அதைப் பார்த்து நாமும் வாங்கினால் பந்து தரையை விட்டு எழும்பாது. அவருடைய வேகம் அப்படி. வேகம் குறைவாக இருப்பவர்களுக்கு 10.5 முதல் 12 டிகிரிதான் நல்லது. லாஃப்ட் கூடினால் பக்கவாட்டு வளைவும் கொஞ்சம் குறையும்.

தலை: 1979-ல் டெய்லர்மேட் நிறுவனம் உலோகத் தலை டிரைவரைக் கொண்டுவரும்வரை மரத்தலைதான் வழக்கம். 1991-ல் வந்த கேலவே பிக் பெர்த்தாவின் தலை 190 கன சென்டிமீட்டர். அப்போது அதுவே பெரிசு. இன்றைய பெரிய டைட்டானியம் தலையில் எடையை ஓரங்களுக்குத் தள்ளிவிடுவதால், பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அதிகம் திரும்பாது. தப்பான அடிக்குத் தண்டனை குறைகிறது, அவ்வளவே.

நகர்த்தும் எடை: எடையைத் தண்டுப் பக்கம் நகர்த்தினால் பந்து இடப்பக்கம் வளைய உதவும். லேசான ஸ்லைஸுக்குப் போதும். பெரிய ஸ்லைஸுக்குப் போதாது.

ஷாஃப்ட்: தண்டு நீளமானால் வேகம் கூடலாம், ஆனால் நடுவில் படுவது கஷ்டமாகும். எடையும் வளையும் தன்மையும் உங்கள் ஸ்விங் வேகத்துக்குப் பொருந்தினால் மட்டையை ஒரே மாதிரி கொண்டுவர முடியும். பொருந்தாத தண்டு நல்ல ஸ்விங்கையும் கெடுக்கும்.

விதிகள் ஏன் குறுக்கே வருகின்றன?

மட்டைகள் அளவு மீறாமல் இருக்க யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ ஆகிய இரு அமைப்புகள் எல்லை வகுத்திருக்கின்றன. ஃபேஸ் எவ்வளவு துள்ளல் தரலாம் என்பதற்கும் அளவு உண்டு. சோதனைக் கருவியின் குண்டு ஃபேஸைத் தொட்டிருக்கும் நேரம் 257 மைக்ரோ செகண்டைத் தாண்டக்கூடாது.

2025 மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் இது பேசுபொருளானது. ரோரி மெக்கில்ராயின் டிரைவர் போட்டிக்கு முந்தைய சோதனையில் தேறவில்லை. ஸ்காட்டி ஷெஃப்லரின் டிரைவரும் தேறவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. அடித்து அடித்துத் தேயும்போது ஃபேஸின் துள்ளல் கூடுவது வழக்கம்தான். ஷெஃப்லர் மாற்று டிரைவரோடு களமிறங்கி, 5 ஷாட் வித்தியாசத்தில் கோப்பையையே வென்றார்!

அடுத்து பந்து. மட்டை வேகம் கூடிக்கொண்டே போவதால், பந்தின் தூரச் சோதனையைக் கடுமையாக்கப்போவதாக 2023 டிசம்பரில் இரு அமைப்புகளும் அறிவித்தன. சோதனை வேகம் மணிக்கு 193-லிருந்து 201 கிலோமீட்டராக உயரும். அன்று அறிவித்த அட்டவணைப்படி முன்னணி வீரர்களுக்கு 2028, மற்றவர்களுக்கு 2030. அதிவேகமாக அடிப்பவர்களுக்கு 12 முதல் 14 மீட்டர்வரை குறையும் என்பது அவர்கள் கணக்கு. சாதாரண ஆட்டக்காரர்களுக்கு 5 மீட்டருக்கும் குறைவுதான்.

பணம் செலவழிப்பதற்கு முன்...

* ஃபேஸில் ஒயிட்போர்டு மார்க்கரை லேசாகத் தடவி 10 பந்து அடியுங்கள். பட்ட இடம் அச்சாகத் தெரியும்.
* பந்து எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள். ஃபேஸ் பார்த்த பக்கம் அது.
* எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். பாதைக்கும் ஃபேஸுக்கும் உள்ள சண்டை அது.
* 10 பந்தும் ஒரே இடத்தில் பட்டு, ஒரே மாதிரி வளைந்தால், லாஃப்ட், எடை, ஷாஃப்ட் மாற்றத்தால் பலன் கிடைக்கும்.
* 10 பந்தும் 10 திசையில் போனால், கடைக்குப் போகாதீர்கள். பயிற்சியாளரிடம் போங்கள்.

நல்ல மட்டை உங்கள் தப்பைக் கொஞ்சம் மன்னிக்கும். ஆனால் ஃபேஸ் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இன்னும் உங்கள் கைதான்.